கிட்டாருக்கு எஃப்.சி.

அங்க உக்காராதீங்க தம்பி. பின் சக்கரத்துக்கு நேர் மேல இருக்க சீட்டு அது. மூலைக்கரைப்பட்டி தாண்டிட்டா இடுப்பு உங்க பேச்சக் கேக்காது. இங்க வாங்க, நான் தள்ளி உக்காருதேன். இந்த பஸ்ஸப் பத்தி எனக்குத் தெரிஞ்சது இத ஓட்டுதவனுக்கே தெரியாது.

பாட்டா கேக்கிய? கேளுங்க, கேளுங்க. ஒரு காத மட்டும் எனக்குக் குடுங்க. நானும் பாட்டுக்காரன்தான். கிட்டார். என்ன அப்படிப் பாக்கிய? இந்த மீசைக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம்னு தோணுதாக்கும்? என் பேரு ஆசீர் பொன்னையா. ரிட்டயர்டு பிரேக் இன்ஸ்பெக்டர். ஆபீஸ் போர்டுல மோட்டார் வாகன ஆய்வாளர்னு போட்டுருக்கும், ஜனங்க வாயில பிரேக் இன்ஸ்பெக்டர்தான். உங்ககிட்ட லைசன்ஸ் இருக்கா? எத்தனாவது தடவையில பாஸ்? முதத் தடவையிலயா? அப்ப நீங்க என்கிட்ட வரல.

இந்தா, கண்டக்டரப் பாருங்க, என்னக் கண்டதும் பின்னால நழுவுதான். ஏ ராசா, இங்க வா! சமாரியாபுரம் ஒண்ணு. முதலாளி என்கிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு சொல்லிருக்காருன்னு இப்பச் சொல்லுவான் பாருங்க. சொன்னானா? டிக்கெட்டக் கிழி. இன்ஸ்பெக்டர் ஓசியில வந்தாருன்னு உங்க முதலாளி நாளைக்கு மைக்குல சொல்லுவாரு. எனக்கு எதுக்கு அந்தப் பேரு?

அந்த முதலாளி இருக்காரே, ஜெபதுரை, அவருதான் என் கிட்டார வச்சிருக்காரு. ஒரு வருசமாச்சு தம்பி. அசல் சரக்கு. நான் பாத்துப் பாத்து வாங்கினது. சர்வீஸ் முழுக்க வீட்டுக்கு, பிள்ளைகளுக்குன்னு வாங்கிட்டு, கடைசியா எனக்குன்னு ஆசைப்பட்டு வாங்கின ஒரே பொருளு. அது அந்த மனுஷன் வீட்டு ஹால்ல இருக்கு. அதுக்காகத்தான் சனிக்கிழமை சனிக்கிழமை இந்த பஸ்ஸு ஏறுதேன். இன்னைக்கு அதுக்கு ஒரு முடிவு கட்டியாகணும்.

முதல்லேர்ந்து சொல்லுதேன், அப்பத்தான் விளங்கும்.

நான் ரிட்டயரான அன்னைக்கு ஆபீஸ்ல ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். பேச எந்திரிச்சவன் எல்லாம் "சார் ரொம்பக் கண்டிப்பானவரு"ன்னு ஆரம்பிச்சான், அதோட உக்காந்துட்டான். மரியாதைதான், வேற என்ன. மறுநாள்லேர்ந்து பாளையங்கோட்டை வீட்டுல கேட்டுக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்தேன். ஒருத்தரும் வரல. எனக்கு அது வசதிதான். தொந்தரவு இல்லல்லா.

அப்பத்தான் கிட்டார் ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல எங்க ஊரு சமாரியாபுரம் கோயில்ல பாடகர் குழுவுல இருந்தேன். கோயில்னா சர்ச்சு, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். குழுவுக்கு ஒரே ஒரு கிட்டாரு. அதுலயும் ரெண்டு கம்பி இருக்காது. வாசிக்கிற அண்ணன் வராத அன்னைக்கு எனக்குக் கிடைக்கும். பிறகு வேலை வந்துச்சு, விட்டுட்டேன். ஆனா ஆபீஸ்ல சரி, சொந்தக்காரங்ககிட்ட சரி, "நான் அடிப்படையில ஒரு கிட்டார்காரன்"னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். கலைய விடக் கூடாதுல்லா.

வாங்குனா நல்லதா வாங்கணும். நான் யாரு? கண்ணால பாத்தே லாரி சேஸிஸ் வளைஞ்சிருக்குன்னு சொன்னவன். கடை கடையா ஏறினேன். திருநெல்வேலி, மதுரை, கொச்சி வரைக்கும் போனேன். கடைக்காரன் எடுத்து நீட்டுவான், நான் கையில வாங்க மாட்டேன். "கீழ வை"ம்பேன். சுத்தி வந்து பாப்பேன். குனிஞ்சு ஒரு கண்ண மூடி, கழுத்து நேரா இருக்கா, முறுக்கிருக்கான்னு பாப்பேன். டார்ச்ச அடிச்சு உள்ளுக்குள்ள பசை வழிஞ்சிருக்கான்னு பாப்பேன். மேல் பலகைய விரல் முட்டியால தட்டுவேன். ஒட்டுப் பலகைன்னா வாங்கின அன்னைக்கு என்ன சத்தமோ அதேதான் கடைசி வரைக்கும். ஒரே மரத்துல செஞ்சதுன்னா வருசம் போகப் போகச் சத்தம் முத்தும். இதெல்லாம் படிச்சு வச்சிருந்தேன் தம்பி. கம்பி ரொம்ப உயரமா இருந்தா விரல் புண்ணாப் போவும், ரொம்பத் தாழ்ந்தா இரையும்.

மதுரையில ஒருத்தன், "சார், கொஞ்சம் வாசிச்சுத்தான் பாருங்களேன்"னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "ஏம்பா, டெஸ்ட்டுக்கு வண்டியக் கொண்டாந்தா யாரு ஓட்டிக் காட்டணும்? நீயா, நானா?"ன்னேன். அவன் வாசிச்சான். நான் திரும்பி நின்னு கேட்டேன். ஃபெயில். கொச்சியில ஒருத்தன் ரொம்பச் சிரிச்சான். இவ்வளவு சிரிச்சா எதையோ மறைக்கான்னு அர்த்தம். ஃபெயில். இன்னொரு கடையில எல்லாம் சரி, உள்ள நம்பர் ஒட்டிருந்த சீட்டு கோணலா இருந்துச்சு. சீட்டயே நேரா ஒட்டத் தெரியாதவன் மரத்த நேரா ஒட்டிருப்பானா?

என் சம்சாரம் பியூலா பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. ஒருநாள் கேட்டா, "என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு காப்பி ஆறுததுக்குள்ள சரின்னு சொல்லிட்டிய. இந்த மரப்பெட்டிக்கு மாசக் கணக்கா?"

"அப்ப எனக்கு அனுபவம் கிடையாது"ன்னேன். உண்மையத்தான சொன்னேன்? அன்னைக்கு ராத்திரி சோத்துல உப்பு இல்ல.

கடைசியா மெட்ராஸ். கடையில ஒரு பொண்ணு. நான் சுத்தி வாரதப் பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு கிட்டார மடியில வச்சு, ஆறு கம்பியையும் சேத்து ஒரு இழு இழுத்தா. அவ்வளவுதான். கைய எடுத்த பிறகும் அந்தச் சத்தம் நின்னுச்சு தம்பி. பெருசா, இதமா, ஆராதனை முடிஞ்ச கோயிலுக்குள்ள தனியா நிக்கிற மாதிரி. மேல் பலகை ஸ்ப்ரூஸ்ங்கிற சீமை மரம், பின்னால ஈட்டி மரம். குனிஞ்சு பாத்தேன், தட்டிப் பாத்தேன், டார்ச்சு அடிச்சேன். எதிர்த்த கடையில சாப்புட்டுட்டு வந்து மறுபடியும் பாத்தேன். ஒரு குத்தமும் இல்ல. என் சர்வீஸ்ல அப்படி ஒரு பொருள நான் பாத்ததே இல்ல. எனக்குப் பயமாப் போச்சு.

"வேணும்னா எடுங்க அங்கிள், இல்லன்னா விடுங்க. அது வாசிக்கிற ஆளுக்குப் போகட்டும்"னா அந்தப் பொண்ணு. எப்படிக் குத்துதா பாருங்க! உடனே எடுத்துட்டேன்.

வீட்டுக்கு வந்து வாசிச்சியளான்னு கேக்கியளா? எடுத்த உடனே வாசிக்கலாமா? மெட்ராஸ் காத்து வேற, பாளையங்கோட்டை வெக்கை வேற. மரம் பழகணும்லா. தினம் பெட்டியத் திறந்து பாப்பேன், தொடைப்பேன், மூடுவேன். அதுவே பெரிய வேலை.

புது சாமான் வாங்கினா ஐயரு கையால ஜெபம் பண்ணித்தான் எடுக்கணும், எங்க பக்கம் அப்படி. ஐயருன்னா எங்க பாதிரியாரு. பைக்கு, காரு, டிராக்டரு எல்லாம் கோயில் வாசல்ல நிக்கும். கிட்டாருக்கு மட்டும் வேண்டாமா? அந்த ஞாயித்துக்கிழமை சமாரியாபுரத்துல அறுப்பின் பண்டிகை. பியூலா சொன்னா, "இந்த வாரம் கூட்டமாருக்கும், அடுத்த வாரம் கொண்டு போவமே." கூட்டம் இருக்கணும்னுதான தம்பி நான் கொண்டு போறதே! நாலு பேரு பாக்கட்டுமே. அவதான் கிட்டார் கழுத்துல ரோஸ் கலர் ரிப்பன் கட்டிவிட்டா.

உங்களுக்கு அறுப்பின் பண்டிகை தெரியுமோ என்னமோ. வயல்ல, தோட்டத்துல விளைஞ்சத எல்லாரும் கொண்டாந்து ஆண்டவருக்குப் படைப்போம். பீடத்துக்கு முன்னால வாழைத்தாரு, பூசணி, கருப்பட்டி, சேவல்னு குமிஞ்சு கெடக்கும். ஆராதனை முடிஞ்சதும் ஏலம். ஒத்த எலுமிச்சம்பழத்துக்கு ரெண்டு குடும்பம் போட்டி போட்டு ஏத்தும். அதுதான் வேடிக்கையே.

நான் சீக்கிரமே போய், பெட்டியத் திறந்து, கிட்டார சுவரோரமாச் சாத்தி வச்சேன். தொட்டுப் பாத்தா செவுரு ஈரம். ஈரம் பட்டா மரம் ஊதிரும்லா? அதனால எடுத்து, வாழைத்தாருக்கும் பூசணிக்கும் நடுவுல காஞ்ச இடமாப் பாத்து வச்சேன். ரிப்பனோட.

ஐயரு வந்தாரு. "இங்கே படைக்கப்பட்டிருக்கிற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் ஆண்டவரே"ன்னு ஜெபிச்சாரு. கோயில்லயே சத்தமா ஆமென் சொன்னது நான்தான்.

வாழைத்தாரு போச்சு, சேவல் ஒண்ணு போச்சு. பிறகு ஏலம் விடுத செயலர் தங்கையா என் கிட்டாரத் தூக்கிட்டாரு தம்பி! மைக்குல சொல்லுதாரு: "நம்ம ஊரு பிள்ள, பிரேக் இன்ஸ்பெக்டர் ஆசீர் ஐயா, ரிட்டயரானதும் முதல் காரியமா ஆண்டவருக்குப் படைச்ச புத்தம் புது கிட்டாரு!"

கோயிலே எந்திரிச்சுக் கை தட்டுது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய? "இல்லவே, அது என்னோடது"ன்னு சொல்லணும்னுதான் எந்திரிச்சேன். எந்திரிச்சதும் இன்னும் ஓங்கித் தட்டுனாங்க. என் ஆயுசுல எனக்கு யாரும் கை தட்டினதில்ல. என்னையறியாமக் கும்புட்டுட்டேன். பியூலா சேலையால வாயப் பொத்திக்கிட்டா. அழுதாளோ சிரிச்சாளோ, இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கா.

சரி, ஏலத்துல எடுத்துருவோம்னு நானே கேட்டேன். "படைச்சவியளே கேக்காவ!"ன்னு ஒரே சிரிப்பு. யாரு போட்டிக்கு வரப் போறான்னு நினைச்சேன். முன் பெஞ்சுலேர்ந்து ஒரு கை எந்திரிக்கி. ஜெபதுரை.

அவருக்கு என் மேல பழைய காந்தல். வண்டி ரோட்டுல ஓட லாயக்கான்னு வருசா வருசம் பாத்து எஃப்.சி. குடுக்கணும்லா, அவரு பஸ்ஸ நான் ஒரே தடவையில விட்டதே கிடையாது. ஒரு தடவ வைப்பர் ரப்பர் தேஞ்சிருக்குன்னு திருப்பி அனுப்பினேன். நல்ல சித்திரை வெயிலு. ஆனா மழை வந்தா? "அடுத்த மாசம் வாங்க"ன்னேன். அத மனசுல வச்சிருக்காரு மனுஷன்.

நான் ஏத்த, அவரு ஏத்த, நான் ஏத்த, அவரு ஏத்த. பியூலா என் தொடையில கிள்ளினா பாருங்க, வாய் தானா மூடிக்கிடுச்சு. கிட்டாரு ஜெபதுரைக்குப் போச்சு.

அதோட விட்டாரா? மைக்க வாங்கினாரு. "இத நான் இன்ஸ்பெக்டர் சாருக்கே அன்பளிப்பாக் குடுக்கேன்"னாரு. மறுபடியும் கைதட்டு. என் உயிரு திரும்பி வந்துச்சு. "ஆனா, சாரு எங்க வண்டிய எல்லாம் குத்தமில்லாமக் கேட்டாங்க. அதனால சாரு இப்ப ஒரு பாட்டு, குத்தமில்லாம வாசிச்சுக் காட்டட்டும். காட்டிட்டு எடுத்துக்கிடட்டும்."

நாற்காலியப் போட்டுட்டாங்க தம்பி. ஊரே பாக்கு. நான் கிட்டார்காரன்னு ஊருக்கே தெரியும், மாட்டேன்னும் சொல்ல முடியாது. உக்காந்தேன். என்ன ஆச்சுன்னா, கம்பி புதுசு. ஃபேன் காத்து வேற நேரா விரல்ல அடிக்கி. அந்த அளவு கூட்டத்துல காத்தே கெட்டிப் போவும், அதுல சத்தம் எப்படி எழும்பும்? ஏதோ வாசிச்சேன். மிச்சமிருந்த சேவல் ஒண்ணு கூவிச்சு. சின்னப் பிள்ளைகள்லாம் சேவலுக்குக் கை தட்டுதுக.

ஜெபதுரை மைக்கப் பிடிச்சு, என் குரல்லயே, "அடுத்த மாசம் வாங்க"ன்னாரு.

கோயில் கூரை பறந்திருக்கும். ஐயரே சிரிச்சிட்டாரு. அந்த அவமானத்த நான் மறப்பனா?

மறு சனிக்கிழமையே போனேன். வாசிக்க இல்ல, கிட்டார எப்படி வச்சிருக்காருன்னு சோதிக்க. போனா, ஹால்ல ஆணி அடிச்சு செவுத்துல மாட்டி வச்சிருக்காரு! முறுக்கின கம்பி முறுக்கின மேனிக்கே! "யோவ், இது என்ன காலண்டரா?"ன்னு சத்தம் போட்டேன். இறக்கி, கம்பியத் தளத்தி, பெட்டிக்குள்ள வச்சேன். அவரு கருப்பட்டிக் காப்பி கொண்டாந்து குடுத்தாரு. பெரிய வீடு தம்பி. சம்சாரம் தவறிட்டா, மகன் கனடாவுல. டி.வி. அது பாட்டுக்கு ஓடுது, பாக்க ஆளில்ல. நான் போனதும் அத அமத்துனாரு.

அந்த ஆள நம்பி விட முடியாதுன்னு வாரா வாரம் சோதனைக்குப் போனேன். போனா சும்மாவா இருக்க? கொஞ்சம் வாசிச்சுப் பழகினேன். இந்தா விரல் நுனியத் தொட்டுப் பாருங்க, காச்சுப் போச்சு. நான் வாசிப்பேன், அவரு பாடுவாரு. பாடி முடிச்சிட்டு முறுக்கு திம்போம், நான் அவரு டிரைவருங்களப் பத்திக் குத்தம் சொல்லுவேன், அவரு என் டிபார்ட்மெண்டப் பத்திச் சொல்லுவாரு. நேரம் போறதே தெரியாது. சிநேகம்னு நினைச்சிராதீங்க. எனக்கு அந்த ஆளக் கண்டாலே ஆகாது.

ஈஸ்டர் முடிஞ்ச ஒரு சனிக்கிழமை, ஒரு கீர்த்தனைய முழுசா வாசிச்சு முடிச்சேன். ஜெபதுரை எந்திரிச்சுப் பெட்டிய எடுத்து என் பக்கத்துல வச்சாரு. பிறகு, "பாஸ் சார். எடுத்துட்டுப் போங்க"ன்னாரு. சத்தமே இல்லாமச் சொன்னாரு.

நான் ஒத்துக்கல. ஒரு இடத்துல கம்பி லேசா இரைஞ்சுது. அவரு காதுக்குப் படல, எனக்குப் பட்டுச்சு. "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். ஃபெயில். அடுத்த வாரம் வாரேன்"னேன். அவரு முகத்துல அப்படி ஒரு சிரிப்பு! நான் தோத்ததுல அவருக்கு அம்புட்டு சந்தோசம், பாத்துக்கிடுங்க. அதுலேர்ந்து வாரா வாரம் அவரு பாஸும்பாரு, நான் ஃபெயிலும்பேன்.

இப்பப் பிரச்சினை என்னன்னா, ஊருல பேச்சு கெளம்பிருச்சாம். "இன்ஸ்பெக்டர் கிட்டார ஜெபதுரை அமுக்கி வச்சிருக்கான்"னு. இந்த பஸ்ஸு ஏறுதவன் எல்லாம் அதத்தான் பேசுதானாம். யாரு கிளப்பி விட்டான்னு தெரியல. நான் ஒண்ணு ரெண்டு பேருகிட்டச் சாதாரணமாச் சொன்னதுதான்.

போன வாரம் ஜெபதுரை சொல்லிட்டாரு. "சார், அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகை. சனிக்கிழமை நீங்க எடுத்துட்டுப் போயிருங்க. இல்லன்னா மறுநாளு நான் கொண்டு போய்ப் படைச்சிருவேன். எவன் எடுத்தாலும் சரி. எனக்கு இந்தப் பேரு வேண்டாம்." சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அன்னைக்கு முறுக்கும் வைக்கல.

இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கல தம்பி. பியூலா கேக்கா, "உங்க பொருளுதான? எடுத்துட்டு வாங்களேன். வீட்டுலயே வாசிங்க."

"யாரு கேப்பா?"ன்னேன்.

"நான் கேக்கேன்"னா. அவ எம்புட்டோ வருசமா நான் சொல்லுததக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா பாவம். அது வேற கணக்கு. நான் கேக்கேன், கிட்டாரு வீட்டுக்கு வந்துருச்சுன்னா சனிக்கிழமை மத்தியானம் நான் எந்த பஸ்ஸு ஏறட்டும்? அந்தக் கேட்டுப் பக்கத்துலயே போய் உக்காரவா? எடுக்கலன்னா கிட்டாரு போச்சு. எடுத்தா... சரி, விடுங்க.

ஆனா நான் யாரு? ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். ஜெபதுரை பாடுவாருன்னு சொன்னேம்லா, ஒவ்வொரு பாட்டுலயும் ரெண்டாவது அடியில தாளத்த விட்டுருவாரு. வருசம் முழுக்கக் கவனிச்சிருக்கேன். சொன்னதில்ல. கையில வச்சிருந்தேன். இன்னைக்குச் சொல்லப் போறேன். கிட்டார அவரு கையிலேர்ந்து வாங்கிக்கிட்டு, முகத்துக்கு நேரா, "உம்ம பாட்டுக்கு எஃப்.சி. கிடையாது ஓய். இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை பாளையங்கோட்டைக்கு என் வீட்டுக்கு வாரும். நான் வாசிப்பேன், நீரு பாடும். குத்தமில்லாமப் பாடுத வரைக்கும் வந்தாகணும்"னு சொல்லப் போறேன். என்ன கோயில்ல வச்சு அவமானப்படுத்தினதுக்குப் பழிக்குப் பழி. பியூலாகிட்ட முறுக்குக்கு மாவு அரைச்சு வைக்கச் சொல்லிட்டுத்தான் பஸ்ஸு ஏறினேன்.

அந்தா, சமாரியாபுரம் வந்துருச்சு. யாரு அது, ஸ்டாப்புல நிக்கது? அவருதான். பெட்டியத் தூக்கிட்டு வந்து நிக்காரு! வீட்டுக்குள்ள கூட வர விடாம, இங்கயே கையில குடுத்து இந்த பஸ்ஸுலயே திருப்பி அனுப்பிரலாம்னு பாக்காரு. முகத்தப் பாருங்க, காச்சல்காரன் மாதிரி. மனுஷன் ஷேவ் கூடப் பண்ணல.

வழி விடுங்க தம்பி. ஏ டிரைவரு, மெதுவாப் பிடி, இப்படியா பிரேக்க மிதிப்பாவ?

என்ன கேட்டிய? அவரு என்கிட்ட எப்பப் பாஸாவாருன்னா? நல்லாக் கேட்டிய போங்க. நான் கண்ண மூடுத வரைக்கும் அவருக்குப் பாஸ் போட மாட்டேன்.